மூன்று வயதுக் குழந்தைக்கும் ஓட்டு உண்டு

2025 மார்ச்சில் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஸ்வீடன் யாரை அனுப்பப்போகிறது என்று தெரிந்தபோது ஸ்வீடன்காரர்களே திகைத்துப்போனார்கள். ஜெயித்தது கே.ஏ.ஜே. என்ற மூவர் குழு. மூவரும் பின்லாந்துக்காரர்கள். அங்கே ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையினர் வாழும் வோரோ என்ற ஊர்க்காரர்கள். பாடியது சௌனா என்கிற வெந்நீராவிக் குளியலைப் பற்றி, அதுவும் தங்கள் ஊர்ப் பேச்சுவழக்கில். இரண்டாம் இடத்துக்குப் போனவர் மோன்ஸ் செல்மர்லேவ், 2015-இல் ஸ்வீடனுக்கு யூரோவிஷன் கோப்பையையே வாங்கித் தந்த நட்சத்திரம். வித்தியாசம் 7 புள்ளி.

சௌனா பாட்டு துள்ளலான பாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாட்டின் ‘விருப்பம்’ என்று நாம் சொல்வதில் பாதி, எண்ணுகிற முறையில் இருக்கிறது. அதை ஸ்வீடனைப் போல விடாமல் நோண்டிப் பார்த்த நாடு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

யூரோவிஷன் 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 7 நாடுகளோடு தொடங்கியது. யாரை, எப்படித் தேர்ந்தெடுத்து அனுப்புவது என்பது அந்தந்த நாட்டின் பாடு. ஸ்வீடன் அதற்காக ‘மெலோடிஃபெஸ்டிவாலென்’ என்று தனியாக ஒரு போட்டியே நடத்துகிறது. 2002 முதல் அது ஊர் ஊராகப் போகிறது. ஆறு சனிக்கிழமைகள், கடைசியில் ஸ்டாக்ஹோம் பக்கம் இறுதிச்சுற்று.

1973-இல் அந்தப் போட்டியில் தீர்ப்புச் சொன்னவர்கள் இசை நிபுணர்கள். அவர்கள் மூன்றாம் இடத்துக்குத் தள்ளிய பாட்டின் பெயர் ‘ரிங் ரிங்’. பாடிய நால்வர்தான் பின்னாளில் ஆபா என்ற இசைக்குழு. அடுத்த ஆண்டு நிபுணர் குழுவை எடுத்துவிட்டு, பல ஊர்களில் நடுவர் குழுக்களை உட்கார வைத்தார்கள். அதே நால்வர் ‘வாட்டர்லூ’ பாடி உள்ளூரில் ஜெயித்து, பிரைட்டனில் யூரோவிஷனையும் ஜெயித்தார்கள். பாட்டும் வேறு, ஆண்டும் வேறு என்பதால் முறைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நிபுணர்களுக்கு அது நல்ல விளம்பரம் இல்லை, அவ்வளவே.

2010-இல் ஸ்வீடன் யூரோவிஷனின் அரையிறுதியிலேயே வெளியேறியது. அதுவரை அப்படி நடந்ததில்லை. மறு ஆண்டே உள்ளூர் நடுவர்களை மொத்தமாக ஒதுக்கி, 11 வெளிநாட்டுக் குழுக்களைக் கொண்டுவந்தார்கள். ஓட்டுப் போடப்போவது ஐரோப்பா, அதன் காது இப்போதே வேண்டும் என்ற கணக்கு. 2011-இல் மூன்றாம் இடம். 2012-இல் லோரீன் பாடிய ‘யூஃபோரியா’ முதலிடம்.

மெலோடிஃபெஸ்டிவாலென் இறுதிச்சுற்றில் பாதிப் புள்ளி நடுவர்களுடையது, மீதிப் பாதி மக்களுடையது. சுவாரசியம் இந்த இரண்டாம் பாதியில்தான். 2015-இல் இலவசமாக ஓட்டுப் போடக் கைபேசிச் செயலி வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் உள்ள இதயத்தைத் தட்டலாம், ஒரு பாட்டுக்கு ஐந்து இதயம் வரை. காசா பணமா? ஜனங்கள் பிடித்ததற்கும் தட்டினார்கள், பரவாயில்லை என்று தோன்றியதற்கும் தட்டினார்கள்.

விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். இறுதிச்சுற்றில் 12 பாட்டு. மக்கள் கையில் மொத்தம் 600 புள்ளி, அதை இதயங்களின் விகிதப்படி பிரிக்க வேண்டும். இதயங்கள் எல்லாப் பக்கமும் கொட்டிக் கிடப்பதால் முதல் பாட்டுக்கு 10 சதவீதம், கடைசிப் பாட்டுக்கு 7 சதவீதம் என்று வையுங்கள். புள்ளிக் கணக்கில் 60, 42. நாடே கொண்டாடிய பாட்டுக்கும் யாரும் சீந்தாத பாட்டுக்கும் நடுவே 18 புள்ளிதான். நடுவர்கள் தரவரிசை போட்டு இதைவிடப் பெரிய இடைவெளியைச் சுலபமாக உண்டாக்கிவிடுவார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டும் முடிவு நடுவர்களுடையதாகவே இருக்கும்.

2019-இல் இதற்கு மாற்று வந்தது. செயலி வழி ஓட்டுப் போடுகிறவர்களை வயதை வைத்து ஏழு பிரிவாக்கினார்கள். முதல் பிரிவு 3 முதல் 9 வயது, கடைசிப் பிரிவு 75-க்கு மேல். தொலைபேசியில் ஓட்டுப் போடுகிறவர்கள் எட்டாவது பிரிவு. ஒவ்வொரு பிரிவும் ஒரு நடுவர் குழுவைப் போலவே 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளி தரும். எட்டுப் பிரிவும் ஒரே பாட்டை முதலில் வைத்தால் 96, எந்தப் பிரிவின் முதல் பத்திலும் வராத பாட்டுக்குப் பூஜ்யம். 18 புள்ளி இடைவெளி 96 ஆகிவிடுகிறது, ஒருவர் ரசனையும் மாறாமலே!

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு பிரிவில் பத்தாயிரம் பேர், இன்னொன்றில் லட்சம் பேர் ஓட்டுப் போட்டாலும் இரண்டுக்கும் எடை ஒன்றுதான். சின்னப் பிரிவில் ஒருவர் ஓட்டு பத்து மடங்கு கனக்கும். பல் விழாத குழந்தைக் கூட்டமும் பல் விழுந்த தாத்தா பாட்டிக் கூட்டமும் சம பலத்தோடு மோதுகிற வேறு தேர்தலை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு இது பிடித்தே இருக்கிறது. எல்லா வயதுக்காரர்களுக்கும் ஓரளவு பிடித்த பாட்டு ஜெயிக்கும், ஒரே வயதுக்காரர்களின் வெறித்தனமான ஆதரவு மட்டும் போதாது.

இடத்துக்கு இத்தனை புள்ளி என்று தரும் யோசனை பழசு. பிரெஞ்சுக் கடற்படைக்காரரும் கணித அறிஞருமான போர்டா 1770-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தது. அவர் சீரான படிகளாக வைத்தார். யூரோவிஷன் 1975 முதல் மேலே உள்ள இரண்டு படிகளை மட்டும் உயர்த்திக் கட்டியிருக்கிறது. போர்டாவின் சமகாலத்தவர் கொண்டார்செட் வேறொரு சிக்கலைக் காட்டினார். மூவர் அ, ஆ, இ என்ற மூன்று பாட்டைக் கேட்கிறார்கள். ஒருவர் வரிசை அ, ஆ, இ. அடுத்தவர் ஆ, இ, அ. மூன்றாமவர் இ, அ, ஆ. இரண்டு இரண்டாகப் போட்டியிட்டால் ‘அ’ ‘ஆ’வை வெல்லும், ‘ஆ’ ‘இ’யை வெல்லும், ‘இ’ ‘அ’வை வெல்லும். எல்லாமே இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில். இந்த மூவரின் கூட்டு விருப்பம் எது? பதில் கிடையாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றை வரிசைப்படுத்தும்போது நியாயமான எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் முறை இருக்கவே முடியாது என்று 1951-இல் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ கணித முறையில் நிறுவினார்.

ஆகவே ஸ்வீடன் இன்னும் எத்தனை தடவை விதியை மாற்றினாலும் ‘சரியான’ முறை அகப்படாது. எந்தக் குறையோடு வாழ்வது என்று தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். 2025-இல் அந்தத் தேர்வு சௌனா பாட்டை, யூரோவிஷன் நடந்த பாசெலுக்கு அனுப்பியது. அங்கே ஆஸ்திரியா ஜெயித்தது. கே.ஏ.ஜே. நான்காம் இடம்.