ஹீல்ஸ் போட்டால் அரைமண்டி வருமா?

2016-இல் பிளிசார்டு நிறுவனம் வெளியிட்ட 'ஓவர்வாட்ச்' வீடியோ கேமில் சிமெட்ரா என்றொரு வீராங்கனை உண்டு. கதைப்படி அவள் பெயர் சத்யா வஸ்வானி, ஊர் ஹைதராபாத். சிறுவயதில் பழகிய நடனத்தைப் போலவே கைகளை அசைத்து ஒளியால் பொருள்களை நெய்பவள்.

விரல்களில் முத்திரைச் சாயல் நன்றாகவே தெரிகிறது. கால்தான் கோட்டைவிடுகிறது. பரதநாட்டியத்தின் உயிர் அரைமண்டி. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, உடலைத் தாழ்த்தி, வெறுங்காலால் தரையைத் தட்ட வேண்டும். சிமெட்ராவுக்கோ குதிகால் உயர்ந்த காலணி! அதோடு தட்டடவு ஆட வந்தால் எந்த நட்டுவனாரும் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிடுவார்.

பாலேவுக்கு இந்த அவதி கொஞ்சம் குறைவு. அதே 2016-இல் வந்த 'பவுண்ட்' கேமுக்கு, நிஜ நடனக் கலைஞரின் உடலசைவுகளைப் பதிவு செய்தே நாயகியை ஆடவிட்டார்கள்.

நம் பக்கமும் அதைச் செய்யலாம். கர்நாடகத்தின் கொள்ளேகால் வட்டாரத்தில் மாதேஸ்வர பக்தர்கள் ஆடும் கம்சாளே என்ற ஆட்டத்தில், கயிற்றில் கட்டிய வெண்கலத் தாளத்தைச் சுழற்றி, மறுகைத் தாளத்தில் அடிப்பார்கள். சண்டை கேமுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடைப்பது அரிது. கேம் உருவாக்குகிறவர்கள் ஒருமுறை மாதேஸ்வர மலைப் பக்கம் வந்து பார்க்கட்டும்.