சைலன்சரைக் கழற்றினால் இழுவை கூடுமா?

தொப்பம்பட்டி வட்டாரத்தில் உழவுக்கு டிராக்டரும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச்செல்ல பிக்கப் வேனும் ஓடாத நாளில்லை. வண்டி இழுக்கத் திணறினால், சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடச் சொல்பவர்கள் உண்டு. அந்த யோசனையில் பாதிதான் உண்மை.

அடைப்பு இருந்தால் இழுவை குறையும்

விறகடுப்பின் புகைக்கூண்டு அடைத்துக்கொண்டால் தீ சரியாக எரியாது. இன்ஜினும் அப்படித்தான். டீசல் எரிந்து முடிந்ததும் பிஸ்டன் மேலேறி, புகையை வால்வு வழியாக வெளியே தள்ளுகிறது. குழாய் நசுங்கியோ, கரி படிந்தோ, குளவி கூடு கட்டியோ இருந்தால், புகையைத் தள்ளவே சக்தி வீணாகும். உள்ளே தங்கும் புகை, புதுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று குறைந்தால் டீசல் முழுமையாக எரியாது. கரும்புகை வரும், டீசல் செலவு கூடும்.

கழற்றினால் என்ன ஆகும்?

நல்ல நிலையில் உள்ள சைலன்சரைக் கழற்றுவதால் டிராக்டருக்குச் சொல்லும்படி சக்தி கூடாது. டீசல் பம்ப் அனுப்பும் டீசலின் அளவு அதே அளவுதான். சத்தம்தான் கூடும், நாள் முழுக்க உழுபவரின் காது கெடும். டர்போ இல்லாத பெட்ரோல் கார்களில் அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால், புகையின் வேகம் குறைந்து, குறைந்த வேகத்தில் இழுவை மந்தமாகவும் வாய்ப்புண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-வது விதிப்படி டிராக்டருக்கும் சைலன்சர் கட்டாயம்.

பி.எஸ்.6 வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில், புகைக்குழாயிலேயே கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் அதிகச் சூட்டில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் இது முழுமையாக நடக்காது. விளக்கு எரிந்தால், கையேட்டில் சொன்னபடி வண்டியை நிறுத்தாமல் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வடிகட்டியைக் கழற்றினால் சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். அந்தச் சமயத்தில் குழாய் கடுமையாகச் சூடேறுவதால், காய்ந்த மக்காச்சோளத் தட்டை, வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது.

இழுவை குறைந்தால் வரிசையாகப் பாருங்கள்

1. முதலில் காற்று வடிகட்டி. தூசி அடைத்திருந்தாலும் கரும்புகை வரும்.
2. குழாயில் நசுங்கல், ஓட்டை, உள்ளே கரி.
3. இன்ஜினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் கருப்புக் கோடு தெரிந்தால் கேஸ்கட் கசிகிறது. டர்போவுக்கு முன் கசிந்தால் டர்போ சரியாகச் சுழலாது.
4. இவை சரியாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டரைச் சோதியுங்கள்.

சைலன்சரை மாற்றவேண்டி வந்தால், அதே மாடலுக்கான, அதே உள்விட்டம் உள்ளதையே போடுங்கள்.

வாசகர் கேள்வி

டிராக்டரின் புகைக்குழாய் மூடி உடைந்துவிட்டது. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டும்போது பாதிப்பில்லை. நிறுத்தியிருக்கும்போது மழை பெய்தால், தண்ணீர் குழாய் வழியே இறங்கி, திறந்திருக்கும் வால்வு மூலம் சிலிண்டருக்குள் போகலாம். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். புது மூடி மாட்டும் வரை, இன்ஜின் ஆறியபின் தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.