வேலையோடு முடியும் காப்புறுதி

மலாக்கா மாநிலத்தின் செலண்டார் போன்ற ஊர்களிலிருந்து தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளர் சிலருக்கு முதலாளியே மருத்துவக் காப்புறுதி எடுத்துத் தருகிறார். வேலையை விட்டதும் அப்பாதுகாப்பு பொதுவாக முடிந்துவிடும். பின்னர்த் தனியாகக் காப்புறுதி எடுக்கும்போது, முன்பே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கு நிறுவனம் பாதுகாப்பு தர மறுக்கலாம். அல்லது சந்தாவை உயர்த்தலாம். விண்ணப்பத்தில் நோயை மறைத்தால் இழப்பீடே கிடைக்காமல் போகலாம். காப்புறுதி எடுத்தபின் இந்நோய்கள் புதிதாகத் தோன்றினாலும், வழக்கமாக முதல் 120 நாள்களுக்குப் பாதுகாப்பு இராது. எனவே, உடல்நலத்தோடு வேலையில் இருக்கும்போதே தனிக் காப்புறுதி எடுப்பது நன்று. அது கிடைக்காதவர் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் மலேசியக் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் கண்டு மருந்து பெறலாம்.