சிந்துபாத்தை நடக்க வைத்த சென்னை

பிள்ளைகளே, நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் மனிதனை வரைந்து, பக்கங்களைச் சர்ரென்று புரட்டியிருக்கிறீர்களா? அவன் ஓடுவான்! கார்ட்டூன் படத்தின் ரகசியமே அதுதான். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு எத்தனை? 24-ஐ 60-ஆல் பெருக்கி, அதை 90-ஆல் பெருக்குங்கள். 1,29,600!

இத்தனை படங்களையும் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கத் துணிந்தது ஒரு சென்னை நிறுவனம். முதலில் அதன் பெயர் பென்டாஃபோர். பிறகு பென்டாமீடியா கிராபிக்ஸ். அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து அது உருவாக்கிய சிந்துபாத் படம் 2000-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது.

அந்தப் படத்தில் ஒரு புதுமை. நடிகர்களின் உடம்பில் சின்னச் சின்ன அடையாளங்களை ஒட்டி, அவர்களை நடக்கவும் குதிக்கவும் வைத்தார்கள். அந்த அசைவுகளைப் பதிவு செய்து, கம்ப்யூட்டர் உருவங்களுக்குக் கொடுத்தார்கள். இதற்கு ‘மோஷன் கேப்சர்’ என்று பெயர். முழுக்க முழுக்க இந்த முறையில் உருவான முதல் முழுநீளக் கம்ப்யூட்டர் படம் அதுதான்! அதே ஆண்டு இந்நிறுவனம் எடுத்த பாண்டவர் படம், சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

இவ்வளவு உயர்ந்த நிறுவனம் ஏன் சரிந்தது?

நம் சிவகாசியைப் பாருங்கள். ஆண்டு முழுதும் பாடுபட்டுச் செய்யும் பட்டாசு, தீபாவளிக்குள் விற்றாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால்? பட்டாசில் குறையே இல்லை. ஆனாலும் போட்ட முதல் முடங்கிவிடும். சினிமாவும் அப்படித்தான். செலவு ஆண்டுக்கணக்கில், வசூலோ சில வாரங்களில். சிந்துபாத் அமெரிக்காவில் மிகச் சில தியேட்டர்களில்தான் ஓடியது. போட்ட பணம் திரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டிலேயே உலகெங்கும் கம்ப்யூட்டர் நிறுவனங்களின் பங்கு விலை சரியத் தொடங்கியது. உச்சத்தில் இருந்த பென்டாமீடியாவின் பங்கும் விழுந்தது. அலாவுதீன் மகன், புத்தர், கலிவர் என்று அடுத்தடுத்துப் படம் எடுத்தும் பழைய உயரத்தை எட்ட முடியவில்லை.

ஆனால், மோஷன் கேப்சர் முறை நிற்கவில்லை. 2004-இல் ஹாலிவுட்டின் ‘போலார் எக்ஸ்பிரஸ்’ அதே முறையில் வந்தது. 2014-இல் ரஜினிகாந்தின் அசைவுகளைப் பதிவு செய்து ‘கோச்சடையான்’ வந்தது.

படம் வரையும் பிள்ளைகளே, நன்றாக வரையுங்கள். கூடவே கணக்கு நோட்டையும் திறந்து வையுங்கள். எவ்வளவு செலவாகும், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற கணக்கும் படத்தோடு சேர்ந்ததுதான்.