மாட்டுக்குப் போடும் தீவனம்... 'நல்லது' என்று சொன்னது யார்?

காலை ஐந்தரை மணி. தாம்பரம் மார்க்கெட் பக்கம் பாக்கெட் பால் வாங்க ஒரு கூட்டம். சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் போனால், "கறந்த பால்தான் சார் குழந்தைக்கு நல்லது" என்று தூக்கோடு காத்திருக்கும் இன்னொரு கூட்டம். பாலில் தண்ணி ஊற்றுகிறாரா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறோம். மாடு என்ன சாப்பிட்டது என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா?

கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, அடுத்த வருஷம் முடிவை வெளியிட்டது. நாம் பயப்படுகிற மாதிரியான ஆபத்தான கலப்படம் இருந்தது வெறும் 12 மாதிரிகளில்தான். ஆனால் அஃப்ளாடாக்ஸின் எம்1 என்ற பூஞ்சை நச்சு, அளவுக்கு மீறி 368 மாதிரிகளில் இருந்தது. அதில் முதலிடம் யாருக்கு? நமக்குத்தான். தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88! அதுவும் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அதிகம்.

இது பால்காரர் கலந்தது அல்ல. ஈரத்தில் கிடந்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை ஆகியவற்றில் ஒரு பூஞ்சை வளர்கிறது. அது உண்டாக்கும் நச்சை மாடு சாப்பிட்டால், ஒரே நாளில் அதில் ஒரு பகுதி மடிக்கு வந்துவிடும். பொங்கப் பொங்கக் காய்ச்சினாலும் போகாது. நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் ஈரலுக்குக் கெடுதல். புற்றுநோய் வரை போகலாம். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். உடனே குழந்தையின் பாலை நிறுத்திவிடாதீர்கள்! ஒரு டம்ளரில் வரும் ஆபத்து இல்லை இது.

சரி, இதற்கு என்ன வைத்தியம்? நச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண் பொடிகள் தீவனத்தில் கலக்கப்படுகின்றன. அதோடு, எத்தனால் ஆலைச் சக்கை, பூச்சிப் புழு மாவு, மாடு விடும் மீத்தேனைக் குறைக்கும் மருந்து என்று தீவனத் தொட்டிக்குப் புதுப்புது விருந்தாளிகள் வேறு வந்துகொண்டிருக்கிறார்கள். 'இது மாட்டுக்கும் நல்லது, பால் குடிக்கிறவர்களுக்கும் நல்லது' என்று யாராவது ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும் இல்லையா? வில்லங்கமே அங்கேதான்.

மேடவாக்கம் பக்கம் மனை வாங்கப் போகிறீர்கள். விற்கிறவர், "நம்ம வக்கீல் கிட்டே காட்டிட்டேன், பத்திரம் சுத்தம்" என்கிறார். அட்வான்ஸ் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். அமெரிக்காவில் மனிதர் சாப்பிடும் சேர்க்கைப் பொருட்கள் விஷயத்தில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். 1997 முதல் 2012 வரை தானாக முன்வந்து அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட 451 பாதுகாப்பு முடிவுகளை ஆராய்ந்தார்கள். 22.4 சதவிகிதம் கம்பெனி ஊழியரே எழுதியது. 13.3 சதவிகிதம் கம்பெனி அமர்த்திய ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர். மீதி 64.3 சதவிகிதம், கம்பெனியோ அந்த ஆலோசனை நிறுவனமோ பொறுக்கி எடுத்த குழு. வெளியாள் என்று ஒருவர்கூட இல்லை!

நம் ஊரில்? 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு, அறிவியல் குழுக்களில் சார்பற்ற விஞ்ஞானிகள்தான் உட்கார வேண்டும் என்கிறது. தொழில் துறையையும் நுகர்வோரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கலாம். ஆனால் நாற்காலி கிடையாது. நடந்ததோ வேறு. பெரிய உணவுக் கம்பெனிகளின் ஆட்களே குழு உறுப்பினர்களாக இருந்தார்கள். குளிர்பானங்கள் பற்றிய ஒரு பொதுநல வழக்கில், சட்டம் சொன்னபடி குழுக்களை அமையுங்கள் என்று 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

அப்படியானால் எந்தக் கம்பெனியோடும் ஒட்டுறவே இல்லாத பெரிய மனிதர்களைப் போட்டால் போதுமே என்கிறீர்களா? அங்கேதான் இங்கிலாந்து மாட்டிக்கொண்டது. மாட்டுத் தீவனத்தில் இறைச்சி-எலும்புத் தூள் கலந்து, 'பைத்தியக்கார மாடு' நோய் பரவியது. 1988-ல் ஆக்ஸ்ஃபோர்டு விலங்கியல் பேராசிரியர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையில் நாலு பேர் குழு போட்டார்கள். நேர்மையில் குறை சொல்ல முடியாதவர்கள். ஆனால் அந்த வகை மூளை நோயில் ஆராய்ச்சி செய்தவர் ஒருவரும் இல்லை. மனிதருக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 1989-ல் அறிக்கை கொடுத்தார்கள். எங்கள் கணிப்பு தப்பானால் விளைவு ரொம்ப மோசமாக இருக்கும் என்றும் எழுதினார்கள், பாவம். அதை யார் காதில் வாங்கினார்கள்? 1996 மார்ச்சில், மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்த நாட்டில் மட்டும் 170 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

பட்டாவையே பார்த்திராத வக்கீலும் உதவமாட்டார், பாருங்கள். தெரிந்தவர்களுக்குத் தொடர்பு இருக்கும். தொடர்பு இல்லாதவர்களுக்கு விஷயம் தெரியாது.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் காட்டுப்பாக்கம். அங்கே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாமக்கல்லில் அதே பல்கலைக்கழகத்தின் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. இது மாதிரி இடங்களில்தான் தீவனம் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். உலகம் பூராவும் இப்படிப்பட்டவர்களின் ஆராய்ச்சிக்குத் தீவனக் கம்பெனிகள் பணம் கொடுப்பது சகஜம். அது தப்பில்லை, சொல்லாமல் மறைப்பதுதான் தப்பு. ஐரோப்பாவில் தீவனச் சேர்க்கைகளை ஆராயும் குழுவில் ஒவ்வொருவரும் யாரிடம் வேலை பார்த்தார், யாரிடம் பணம் வாங்கினார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஊரே பார்க்கலாம். சம்பந்தப்பட்ட பொருள் வரும்போது அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நம்ம ஊருக்கு அதோடு இன்னொன்றும் வேண்டும் என்பேன்: கால்நடை மருத்துவர்களோடு, குழந்தைகளின் ஈரலைப் பார்க்கிற டாக்டரும் ஒருவர் அந்த மேஜையில் இருக்கட்டும். சம்மதிக்காதவரின் குறிப்பையும் அறிக்கையில் அச்சடிக்கட்டும்.

அதுவரை? கறந்த பால் வாங்குகிறவர்கள் ஒரு நாள் மாட்டுக் கொட்டகைக்கே போய்ப் பாருங்கள். புண்ணாக்கு மூட்டை வெறும் தரையில் கிடக்கிறதா, பலகைமேல் இருக்கிறதா? கையில் எடுத்தால் கட்டியாக, பச்சை பூத்து, முக்கல் வாடை அடிக்கிறதா? "மழைக்கு முன்னாடி கீழே ஒரு பலகை போட்டுடுங்க அண்ணே" என்று பால்காரரிடம் சொல்லுங்கள். கெட்ட தீவனத்தை நிறுத்தினால், நாலைந்து நாளில் பாலில் நச்சு அநேகமாக நின்றுவிடும்.