பிடுங்கச் சொன்ன கொடிக்கு இன்று தனி மதிப்பு

திராட்சைக் கொடிக்கு வயதானால் காய்ப்பு குறையும். அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கொடி நடுவதே பொதுவான வழக்கம். ஆனால், தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் நூறு வயதைத் தாண்டிய கொடிகள் இன்றும் காய்க்கின்றன. லாங்மைல் ஒயின் நிறுவனத்தின் தோட்டத்தில் உள்ள ஷிராஸ் ரகக் கொடிகள் 1843-ல் நடப்பட்டவை.

சுவையில் என்ன தெரியும்?

இந்த ஒயின் கருஞ்சிவப்பாக இருக்கும். சுவைப்பவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர்வார்கள். கறுத்துப் பழுத்த பிளம்ஸ் பழ வாசமும் மிளகு நெடியும் ஷிராஸின் அடையாளம். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினால் கனமும் துவர்ப்பும் தெரியும். விழுங்கிய பிறகும் சுவை நெடுநேரம் நின்றால் அது நல்ல ஒயின்.

முதிய கொடியில் குலைகள் குறைவு. பழங்களும் பெரும்பாலும் சிறியவை. பழம் சிறுத்தால் சாற்றை ஒப்பிடத் தோலின் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் பெருமளவு தோலில் இருந்தே வருகின்றன. ஆழமாக இறங்கிய வேர் வறட்சியைத் தாங்க உதவுகிறது. எனினும், வயது மட்டும் போதாது. மண், கவாத்து, அறுவடைப் பக்குவம் மூன்றும் சரியாக அமைய வேண்டும்.

தப்பியது எப்படி?

வேரைத் தாக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. 1877-ல் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலும் தென்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899-ல் தனிச் சட்டம் இயற்றி, வெளியிலிருந்து கொடிகள் வருவதைக் கட்டுப்படுத்தியது. அதனால், ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே கொடிகள் பிழைத்தன.

அடுத்த ஆபத்து சந்தையில் இருந்து வந்தது. 1980-களில் திராட்சை தேங்கியபோது, கொடிகளைப் பிடுங்க அரசே பணம் கொடுத்தது. பல பழைய தோட்டங்கள் அழிந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, விலைபோகாத திராட்சையை விவசாயிகளிடம் வாங்குவதற்காகப் பீட்டர் லேமன் தனி ஒயின் ஆலை தொடங்கியிருந்தார். இப்படி வாங்க ஆள் இருந்த இடங்களில் கொடிகள் தப்பின.

2009-ல் பரோசாவில் கொடிகளை 35, 70, 100, 125 வயது என நான்கு படிகளாக வகைப்படுத்தினார்கள். நட்ட ஆண்டு இப்போது விற்பனைக்கான சான்றாகிவிட்டது. குறைந்த விளைச்சலைத் தரமும் விலையும் ஈடுகட்டுகின்றன.

பழைய மரத்தையோ கொடியையோ பிடுங்கும் முன் விளைச்சலை மட்டும் பார்க்காமல், அதன் ரகம், சுவை, நட்ட ஆண்டு, வாங்குவோர் ஆகிய நான்கையும் கணக்கில் எடுப்பது நல்லது. பிடுங்கிய பின் அந்த வயதை எந்த நாற்றும் உடனே தராது.