மஞ்சள் தாளிலிருந்து கணினித் திரைக்கு

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்த இடத்திலும் ஊன்றி நிற்க முடியாமல் தடுமாறுகிறவரைப் பற்றிய பழமொழி அது. அச்சிட்ட டைரக்டரியை விட்டு இணையத்துக்குப் போக நினைக்கும் பதிப்பாளரின் நிலையும் இன்று அதுதான்.

என் பெரியப்பா மதுரையில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் ஆகியவற்றுடன் ஆண்டுக்கு ஒரு முறை வியாபாரிகள் கையேடு ஒன்றையும் வெளியிடுகிறார். கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகள், தெற்காவணி மூல வீதி நகைக் கடைகள், மாட்டுத்தாவணி பூ வியாபாரிகள் என்று பலருடைய பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். சென்ற கோடை விடுமுறையில் அவர் என்னிடம், "ஏம்மா, எல்லாரும் போனிலேயே தேடுறாங்க. இந்த வருஷம் அச்சடிக்கலாமா, வேண்டாமா? நீயே சொல்லு" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டைரக்டரி பிறந்த கதை

உலகின் முதல் டெலிபோன் டைரக்டரி 1878 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்தது. அது புத்தகமன்று, ஒரே ஓர் அட்டை. அதில் 50 பெயர்கள் இருந்தன, எண்களே இல்லை. பெயரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைத்துவிடுவார். பின்னர் கடைகளையும் தொழில்களையும் வகைவாரியாகப் பிரித்து மஞ்சள் தாளில் அச்சிடும் வழக்கம் வந்தது. அதுவே 'மஞ்சள் பக்கங்கள்' எனப் பெயர் பெற்றது.

நம் நாட்டில் தொலைபேசி நிர்வாகமே டைரக்டரியை வெளியிட்டு வந்தது. பம்பாயில் டாடா பிரஸ் நிறுவனம் தனியாக மஞ்சள் பக்கங்களை வெளியிட்டபோது மகாநகர் தொலைபேசி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வணிக விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்தாதாரர் பட்டியலை அனுமதியின்றி வெளியிடக்கூடாது. ஆனால் வியாபார விளம்பரங்கள் அடங்கிய நூலை வெளியிடத் தடையில்லை என்று ஆயிற்று.

வருமானம் வரும் வழி

டைரக்டரியை வாங்கிப் படிப்பவர் கொடுக்கும் பணம் மிகக் குறைவு. பெரும்பாலும் அது இலவசமாகவே தரப்படும். கட்டம் கட்டிய விளம்பரங்களே பதிப்பாளருக்குச் சோறு போடுகின்றன. ஒரு வருடத்துக்கான பணத்தை வியாபாரி முன்னதாகவே கொடுத்துவிடுவார். அந்தப் பணத்தில் காகிதம் வாங்கலாம், கூலி கொடுக்கலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கடைக்காரர்கள் தலைக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் வரவு 1,00,000 ரூபாய். அச்சுக்கும் காகிதத்துக்கும் 40,000, விளம்பரம் சேகரிப்பவருக்குக் கமிஷன் 20,000 போனால் மீதி 40,000. இப்போது இணையத்துக்கு மாறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர்தான் வருகிறார்கள்; தலைக்கு 300 ரூபாய்தான் தருகிறார்கள். வரவு 15,000. கமிஷன் 3,000 போனால் மீதி 12,000. அச்சுச் செலவு முழுவதும் மிச்சமாகியும் கையில் நிற்பது முன்பைவிடக் குறைவு! அந்தத் தொகையிலேயே கணினிப் பணியாளருக்கும் கொடுக்க வேண்டும். செலவு குறைந்தால் இலாபம் கூடும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது.

எதிர்நோக்கும் இடர்கள்

முதல் இடர், விளம்பரத்தின் விலை சரிவது. அச்சுப் பக்கத்தில் இடம் குறைவு. அதனால் அதற்கு மதிப்பு உண்டு. திரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதோடு கூகுள் வரைபடத்தில் எந்தக் கடைக்காரரும் தம் கடையை இலவசமாகவே பதிந்துகொள்ளலாம். இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்பது நியாயந்தானே?

இரண்டாவது, பிறர் வாசலில் நிற்பது. அச்சிட்ட புத்தகம் நேராகக் கடை மேஜைக்குச் செல்லும். இணையத் தளத்துக்கோ ஆட்கள் பெரும்பாலும் தேடுபொறி வழியாகவே வருவார்கள். அந்தத் தேடுபொறியே போட்டியாளராகவும் இருந்தால் வாசலை அடைப்பதும் திறப்பதும் அதன் கையில்.

மூன்றாவது, திருட்டு. ஒரு புத்தகத்தைப் பார்த்து அச்சுக் கோக்கப் பல நாள் ஆகும். இணையத்திலிருந்து சில நிமிடங்களில் நகலெடுத்துவிடலாம். சட்டமும் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு தொலைபேசி நிறுவனம், நகலெடுப்பவரைக் கண்டுபிடிக்கத் தன் பட்டியலில் பொய்ப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தது. ஃபைஸ்ட் என்னும் பதிப்பகம் நகலெடுத்தபோது அவற்றில் 4 பெயர்களும் சேர்ந்து அச்சாயின. கையும் களவுமாகப் பிடித்தும் பயனில்லை. வெறும் பெயர், எண் வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவேனும் படைப்புத் திறன் வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2007இல் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது.

நான்காவது, ஓயாத வேலை. அச்சில் பிழை வந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். இணையத்தில் நேற்று மூடிய கடையை இன்று காட்டினால் மக்கள் நம்பிக்கை இழப்பார்கள். பொய்யான பாராட்டும் பொய்யான வசையும் வேறு வந்து சேரும். ஆன்லைன் மதிப்புரைகளுக்கென 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித் தரநெறியே வகுக்க வேண்டியதாயிற்று. தனி மனிதரின் விவரங்களைக் காக்க 2023இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஒருவருடைய எண்ணைக் கேட்காமல் வெளியிடுவது இனி எளிதன்று.

ஐந்தாவது, கடன். அமெரிக்காவில் வெரைசன் நிறுவனத்தின் டைரக்டரித் தொழில் 2006இல் ஐடியார்க் என்ற பெயரில் தனியாகப் பிரிந்தது. பிரியும்போதே சுமார் 900 கோடி டாலர் கடன் அதன் தலையில் இருந்தது. வருமானம் குறைந்தவுடன் சுமை தாங்காமல் 2009இல் திவால் பாதுகாப்புக் கோரியது.

வென்றவரும் வீழ்ந்தவரும்

பிரான்ஸ் நாட்டில் 1980களிலேயே காகித டைரக்டரிக்குப் பதிலாக மினிடெல் என்னும் கருவியை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பயன்படுத்திய அதையும் இணையம் முந்தியது. 2012 ஜூன் 30 அன்று அது நிறுத்தப்பட்டது. ஒரு முறை மாறினால் போதாது, மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று. இங்கிலாந்தின் மஞ்சள் பக்கங்கள் 1966இல் பிரைட்டன் நகரில் தொடங்கின. கடைசி அச்சுப் பிரதியும் 2019இல் அதே நகரில்தான் வழங்கப்பட்டது.

நம் நாட்டில் மஞ்சள் பக்கங்கள் வெளியிட்டு வந்த கெட்இட் நிறுவனம், ஆஸ்க்மீ என்ற இணைய வாணிபத்தில் இறங்கி 2016இல் அதை மூட நேர்ந்தது. ஜஸ்ட் டயல் நிலைத்தது. 1996இல் மும்பையில் தொடங்கிய அது, கேட்பவருக்குத் தொலைபேசியிலேயே விவரம் சொல்லியது. 2007இல் இணையத் தளம் திறந்தது. அச்சு இயந்திரமும் காகிதக் கட்டும் அதற்குச் சுமையாக இருக்கவில்லை.

நாம் கற்கும் பாடம்

இவற்றையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "சைக்கிளில் விளம்பரம் எடுக்கிறவருக்கும், பைண்டிங் செய்கிற அக்காவுக்கும் நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார். நான் படித்த எதிலும் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. தொழில் மாறும்போது வரும் பெரிய இடர் பணத்தில் மட்டும் இல்லை, மனிதரிடத்திலும் இருக்கிறது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

முடிவில் அவர் கடன் வாங்கவில்லை. இந்த ஆண்டு பாதிப் பிரதிகளே அச்சாகும். கையேட்டை விரும்பிக் கேட்கும் கடைகளுக்கு மட்டும் அவை போகும். சைக்கிள்காரர் கடை கடையாகச் சென்று, எண் சரிதானா, கடை இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்வார். அது கணினியில் ஏறும். நேரில் பார்த்த விவரத்தைத்தான் மற்றவர் எளிதில் தர முடியாது. பைண்டிங் அக்காவுக்குப் பள்ளி நோட்டு வேலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தார். தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனைக் கண்டித்தவரும் அவரே. கணக்குப் பார்க்காமல் பாய்வதும் தவறு. பயந்து புதைத்து வைப்பதும் தவறு. இரண்டுக்கும் நடுவே, உடன் உழைப்பவரின் கையை விடாமல் அடி எடுத்து வைப்போமானால், ஆற்றையும் கடக்கலாம், சேற்றையும் கடக்கலாம்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு